பம்பிங் குறைந்தவருக்கு கோகியூ10: ஆதாரம் எவ்வளவு?

வாசகர் கேள்வி, ஜூன் 3

அப்பாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். எக்கோவில் பம்பிங் (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் பங்கு) 30 சதவீதம் என்று வந்திருக்கிறது. காலையும் இரவும் கை நிறைய மாத்திரை. தெரிந்தவர் ஒருவர், "கோஎன்சைம் கியூ10, சுருக்கமாக கோகியூ10, என்று ஒரு சத்து மாத்திரை இருக்கிறது, இதய நோயாளிகளின் சாவைப் பாதியாகக் குறைத்ததாக ஆய்வே வந்திருக்கிறது, இதை ஆரம்பித்துவிட்டு மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம்" என்கிறார். டாக்டரிடம் கேட்டேன். "வேண்டுமானால் சாப்பிடட்டும்" என்றார், அவ்வளவுதான். அந்த ஆய்வு நிஜமா? நிஜமென்றால் டாக்டர் ஏன் சீட்டில் எழுதித் தரவில்லை?

ஜூன் 3, இரவு

எந்த மாத்திரையையும் குறைக்காதீர்கள். மற்றதை நிதானமாகப் பேசிக்கொள்ளலாம், இதை மட்டும் இன்றிரவே சொல்லிவிட வேண்டும்.

அவர் சொல்லும் ஆய்வு நிஜம்தான். பெயர் கியூ-சிம்பியோ. ஆனால் அதில் சேர்ந்தவர்கள் வழக்கமான இதய மருந்துகளை விடாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள். அதற்கு மேல்தான் ஏறக்குறைய பாதிப் பேருக்கு கோகியூ10, மீதிப் பேருக்கு மருந்துப் பொருள் இல்லாத வெற்று மாத்திரை. மருந்துக்குப் பதிலாக இதைக் கொடுக்கலாம் என்று அந்த ஆய்வில் ஒரு வரிகூட இல்லை.

ஜூன் 4

"மருந்தைக் குறைத்தால் என்னதான் ஆகிவிடும், பம்பிங் ஏறிய பிறகு குறைக்கலாமே" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இதை நேரடியாகவே சோதித்திருக்கிறார்கள். டிரெட்-எச்எஃப் என்று பெயர். இதயம் விரிந்து பம்பிங் விழுந்து, மருந்தால் முழுக்கத் தேறி, எக்கோவும் இயல்பாகிவிட்ட 51 பேர். பாதிப் பேருக்கு மருத்துவக் கண்காணிப்பில் மருந்துகளைப் படிப்படியாக நிறுத்தினார்கள். ஆறே மாதத்தில் நிறுத்தியவர்களில் 44 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவருக்கும் திரும்பவில்லை. இவர்களெல்லாம் தேறியவர்கள். அப்பா இன்னும் 30-ல் இருக்கிறார்.

இனி கியூ-சிம்பியோ. மொத்தம் 420 பேர். மூச்சுத் திணறலை நான்கு படியாகப் பிரிப்பார்கள். இவர்கள் மூன்றாவது, நான்காவது படியில் இருந்தவர்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்கும், சிலருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே வாங்கும். டென்மார்க்கின் ஸ்வென்ட் ஆகே மோர்ட்டென்சன் தலைமையில் பல நாடுகளில் நடந்தது, முடிவு 2014-ல் வெளியானது. 202 பேருக்கு நாளைக்கு மூன்று வேளை 100 மி.கி. கோகியூ10, 218 பேருக்கு வெற்று மாத்திரை, இரண்டு ஆண்டு.

முதல் 16 வாரத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஆறு நிமிடத்தில் எவ்வளவு நடக்கிறார்கள், இதயம் திணறும்போது ரத்தத்தில் ஏறும் என்டி-புரோ-பிஎன்பி எவ்வளவு, மூச்சுத் திணறல் எந்தப் படி, எதிலும் இரு தரப்புக்கும் உறுதியான வித்தியாசம் இல்லை. இரண்டு ஆண்டு முடிவில் கணக்கு மாறியது. நோய் மோசமாகி ஆஸ்பத்திரியில் சேர்வது, இதயக் காரணத்தால் இறப்பது, செயற்கை பம்ப் பொருத்துவது, அவசர இதய மாற்று, இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் கோகியூ10 தரப்பில் 15 சதவீதம், வெற்று மாத்திரைத் தரப்பில் 26. எந்தக் காரணமானாலும் சரி, இறந்தவர்கள் 10 சதவீதம், 18 சதவீதம்.

"பாதியாகக் குறைத்தது" என்ற பேச்சு இங்கிருந்து வருகிறது. அதில் பொய் இல்லை. ஆனால் சதவீதத்தை விட்டுவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். மேலே சொன்ன நான்கில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் ஒரு பக்கம் 30 பேர், மறுபக்கம் 57 பேர். வெற்று மாத்திரைத் தரப்பில் பத்துப் பேர் தப்பியிருந்தால் இந்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்ற நிலைக்கு வந்துவிடும். அவ்வளவு மெல்லிய தரை.

ஜூன் 6

"இதயத்தில் கோகியூ10 குறைகிறது, நிரப்பினால் சரியாகிறது, இதில் ஆதாரம் கேட்க என்ன இருக்கிறது" என்று எழுதியவருக்கு.

1957-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிரெடரிக் கிரேன் இதை மாட்டு இதயத்தின் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து (செல்லுக்குள் சக்தி தயாராகும் இடம்) பிரித்தெடுத்தார். அடுத்த ஆண்டே மெர்க் நிறுவனத்தில் கார்ல் ஃபோல்கர்ஸ் குழு இதன் வேதியமைப்பைக் கண்டறிந்தது. அங்கே எலெக்ட்ரான்களை ஒரு புரதத் தொகுதியிடம் வாங்கி அடுத்ததிடம் சேர்ப்பது இதன் வேலை. பீட்டர் மிட்செலுக்கு 1978-ல் வேதியியல் நோபல் வாங்கித் தந்த துறையே இதுதான். இதயம் ஓய்வே எடுக்காத தசை என்பதால் இந்தப் பொருள் அங்கே நிறைய இருக்கிறது. உடல் தானாகவே இதைத் தயாரித்துக்கொள்கிறது. வைட்டமினைப் போல வெளியிலிருந்து வந்தே தீர வேண்டும் என்பதில்லை.

நோய் முற்ற முற்ற ரத்தத்திலும் இதயத் தசையிலும் இதன் அளவு குறைவதும் உண்மை. கேள்வி அதற்கு அடுத்தது. குறைந்ததால் இதயம் தளர்ந்ததா, இதயம் தளர்ந்ததால் குறைந்ததா? வீட்டில் ஆட்கள் ஊருக்குப் போய்விட்டால் மின்கட்டணம் குறையும். கட்டணத்தைக் கூட்டிக் கட்டினால் ஆட்கள் திரும்பி வந்துவிட மாட்டார்கள்.

இதைப் பிரித்துப் பார்க்க முயன்ற ஆய்வுகள் இரண்டு. 2008-ல் நியூசிலாந்தில் 236 நோயாளிகளைப் பார்த்தவர்கள், மற்ற எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் கோகியூ10 குறைவாக உள்ளவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து, கொரோனா என்ற ஆய்வின் (வைரஸ் வருவதற்கு வெகுகாலம் முன்பே வைத்த பெயர்) 1,191 நோயாளிகளின் ரத்தத்தை அளந்தார்கள். கோகியூ10 குறைந்தவர்கள் வயதானவர்கள், பம்பிங் இன்னும் மோசமானவர்கள், என்டி-புரோ-பிஎன்பி ஏறியவர்கள். இவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கோகியூ10 அளவு தனியாக எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டில் எதை எடுத்துக்கொள்வது என்றால், ஐந்து மடங்கு பெரியதையே எடுத்துக்கொள்வேன். குறைவு என்பது நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதற்கான அடையாளம், அதற்கு மேல் நிரூபணம் ஆகவில்லை.

ஜூன் 7

ஒருவர், கொலஸ்ட்ரால் மாத்திரை கோகியூ10-ஐக் குறைக்கிறது, ஆகவே அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும் என்கிறார்.

முதல் பாதி சரி. கொலஸ்ட்ராலும் கோகியூ10-ம் உடலில் ஒரே வழியில்தான் தயாராகின்றன. ஸ்டேட்டின் என்ற வகை கொலஸ்ட்ரால் மாத்திரை அந்த வழியின் தொடக்கத்திலேயே அடைப்பதால் இரண்டும் குறையும். இரண்டாம் பாதிக்கு அதே கொரோனா ஆய்விலேயே பதில் இருக்கிறது. ரோசுவாஸ்டேட்டின் என்ற ஸ்டேட்டினைச் சாப்பிட்டவர்களுக்கு கோகியூ10 குறையத்தான் செய்தது. ஆனால் ஏற்கெனவே அது குறைவாக இருந்தவர்களுக்குக்கூட அந்த மாத்திரையால் நிலைமை மோசமாகவில்லை.

தசை வலி பற்றிக் கேட்டவருக்கு: சாம்சன் என்ற ஆய்வு, 2020. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டேட்டினை நிறுத்திய 60 பேர். சில மாதம் ஸ்டேட்டின், சில மாதம் வெற்று மாத்திரை, சில மாதம் ஒன்றுமே இல்லை. எது எந்த மாதிரி மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டேட்டினில் வந்த தொல்லையில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய் என்று நான் சொல்லவில்லை. வலித்தது, ஆனால் வலிக்குக் காரணம் பெரும்பாலும் மருந்துப் பொருள் இல்லை. சிறுநீர் கருத்துப்போய் தசை பலவீனமும் சேர்ந்து வந்தால் அது வேறு, உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

ஜூன் 11

கியூ-சிம்பியோவை நான் "மெல்லிய தரை" என்றதற்குச் சிலருக்கு வருத்தம். "இரண்டு பக்கமும் சரிசமமாகப் பிரித்து, யாருக்கு எது என்று தெரியாமல் நடத்திய ஆய்வு. இன்னும் என்ன வேண்டும்?" நியாயமான கேள்வி. என் பயத்துக்குக் காரணம் வெஸ்னாரினோன்.

ஹார்ட் ஃபெயிலியருக்காக வந்த மருந்து. 1993-ல் ஆய்வு வெளியானது. 477 பேர், பாதிப் பேருக்கு நாளைக்கு 60 மி.கி. வெஸ்னாரினோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை, ஆறு மாதம். கவனித்துப் பாருங்கள், நம் 420-ஐவிட ஆள் அதிகம், அதே போல யாருக்கு எது என்று மறைத்தே நடத்தினார்கள். வெற்று மாத்திரையில் 33 பேர் இறந்தார்கள், வெஸ்னாரினோனில் 13 பேர். 62 சதவீதக் குறைவு. கோகியூ10 கொடுத்த நம்பிக்கையைவிடப் பெரிய நம்பிக்கை.

பிறகு 3,833 பேரை வைத்து இன்னொரு முறை செய்தார்கள். 1998-ல் முடிவு வந்தது. அதே 60 மி.கி. சாப்பிட்டவர்களில் 22.9 சதவீதம் பேர் இறந்தார்கள், வெற்று மாத்திரையில் 18.9. சாவைக் குறைப்பதாக நம்பிய மருந்து சாவைக் கூட்டியது. இன்னும் ஒன்று என்னை ரொம்ப நாள் தூங்கவிடவில்லை. அந்த மருந்தைச் சாப்பிட்டவர்கள் முதல் சில மாதங்களில் வெற்று மாத்திரைக்காரர்களைவிட நன்றாக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். உடம்பு தெம்பாக இருக்கிறது என்றவர்கள்தான் பிற்பாடு அதிகம் இறந்தார்கள்.

லோசார்டான் கதை இவ்வளவு கொடூரம் இல்லை, ஆனால் அதே பாதை. எலைட் என்ற ஆய்வில் 722 பேர். கேப்டோபிரில், லோசார்டான் இரண்டும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் மருந்துகள். கேப்டோபிரிலைவிட லோசார்டானில் சாவு குறைவு என்று 1997-ல் வந்தது. 3,152 பேரைச் சேர்த்து எலைட் 2 நடத்தினார்கள், 2000-ல் அந்த மேன்மை காணாமல் போனது. மருந்து இன்றும் நல்ல மருந்துதான். சிறிய ஆய்வு காட்டிய அதிசயம் மட்டும் இல்லை.

வெஸ்னாரினோன் மாதிரி கோகியூ10 ஆளைக் கொல்லும் என்று யாரும் இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்படி ஓர் அறிகுறியும் இல்லை. கியூ-சிம்பியோவில் பக்கவிளைவும் வெற்று மாத்திரையைவிடக் கூடவில்லை. நான் சொல்வது அளவைப் பற்றி. இருபது முப்பது பேரின் வித்தியாசம் எந்தப் பக்கமும் சாயும்.

ஜூன் 12

நேற்று எழுதியதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் வந்திருக்கிறது, அதை மேலே கொண்டுவருகிறேன். "கன்சென்சஸ் ஆய்வில் 253 பேர்தான். அதை வைத்துத்தானே எனலாப்ரில் என்ற இதய மருந்தை உலகமே ஏற்றுக்கொண்டது? அப்போது சின்ன ஆய்வு போதும், இப்போது போதாதா?"

சரியான இடத்தில் பிடித்திருக்கிறார். 1987, நான்காம் படி நோயாளிகள் 253 பேர், ஆறு மாதத்தில் வெற்று மாத்திரையில் 44 சதவீதம் பேர் இறக்க, எனலாப்ரிலில் 26 சதவீதம். சின்ன ஆய்வு, சரியாக இருந்த ஆய்வு. ஆகவே "சிறியது என்றால் தப்பு" என்ற முடிவுக்கு நான் வர முடியாது, வரவும் இல்லை.

வித்தியாசம் அதற்குப் பிறகு நடந்ததில் இருக்கிறது. நான்கு ஆண்டில் எனலாப்ரிலுக்கு சால்வ்ட் என்ற பெரிய ஆய்வு வந்தது, 2,569 பேர், பலன் அங்கேயும் நின்றது. வெஸ்னாரினோனுக்கு இரண்டாவது ஆய்வு வந்தது, விழுந்தது. கோகியூ10-க்கு அந்த இரண்டாவது பெரிய ஆய்வே இன்னும் கையில் இல்லை. எனலாப்ரில் பாதையில் போகுமா, வெஸ்னாரினோன் பாதையில் போகுமா, லோசார்டான் மாதிரி நடுவில் நிற்குமா என்று 420 பேரை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொன்றும் சேர்த்துக்கொள்கிறேன். 16 வாரத்தில் ஒன்றும் தெரியாததை 4-ஆம் தேதிக் குறிப்பில் கோகியூ10-க்கு எதிரான விஷயம் போல எழுதியிருக்கிறேன் என்று அவரே சொல்கிறார். அதைக் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதயத் துடிப்பை மெதுவாக்கும் பீட்டா பிளாக்கர் மருந்தும் ஆரம்பத்தில் நோயாளியைச் சோர்வாக்கி, மாதங்கள் கழித்துத்தான் இதயத்தைத் தேற்றுகிறது. தாமதமாகத் தெரியும் பலனும் பலன்தான்.

ஜூன் 19

நீ யார், உனக்கென்ன அக்கறை என்று தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். நான் டாக்டர் இல்லை. என் அம்மாவுக்கு இதே நோய். அதனால் படிக்க ஆரம்பித்தேன், படிப்பதை நிறுத்த முடியவில்லை.

அம்மாவும் கோகியூ10 சாப்பிட்டார். ஆரஞ்சு நிறத்தில், மெழுகு மாதிரி கெட்டியான எண்ணெய் உள்ளே இருக்கும் கேப்சூல். வெடித்துவிட்டால் விரலில் மஞ்சள் கறை லேசில் போகாது. கொழுப்பில் கரையும் பொருள் என்பதால் வெறும் வயிற்றில் சரியாக ஏறாது, சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும்.

சில வாரத்தில் அம்மா மாடிப்படி ஏறிவிட்டு மேலே வந்து, "இப்போ நிக்காம வந்தேன் பாத்தியா" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அன்று யாராவது கேட்டிருந்தால் கோகியூ10 வேலை செய்கிறது என்று சத்தியம் செய்திருப்பேன்.

ஆனால் வீட்டில் ஒரு நோட்டு இருக்கிறது. தினமும் காலை சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன் எடை. பக்கத்துக் கட்டத்தில் ரத்த அழுத்தம். அதற்குப் பக்கத்தில் கால் வீக்கம்: கணுக்காலுக்கு மேல் கட்டை விரலை அழுத்தி எடுத்தால் குழி நிற்கிறதா, எவ்வளவு நேரம் நிற்கிறது. கடைசிக் கட்டத்தில் மருந்து மாற்றம் ஏதாவது இருந்தால் அது. அந்த நோட்டைப் புரட்டினால் கோகியூ10 ஆரம்பித்த அதே சமயத்தில்தான் டாக்டர் பீட்டா பிளாக்கரின் அளவைக் கூட்டியிருந்தார், நீர் மாத்திரையையும் மாற்றியிருந்தார், எடை மளமளவென்று இறங்கியிருந்தது. உடம்பில் தேங்கிய நீர் போனால் யாருக்கும் மூச்சு சுலபமாகும்.

அம்மாவைப் படியேற்றியது எது? மூன்றில் எது என்று அந்த நோட்டால் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஒரே ஆள், ஒரே சமயத்தில் மூன்று மாற்றம். "எங்கள் வீட்டில் பலன் தெரிந்தது" என்று இங்கே எழுதுகிற எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தால் புரட்டிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜூன் 20

"அப்படியானால் அம்மாவுக்கு ஏன் இன்னும் கொடுக்கிறீர்கள்?"

கொடுக்கிறேன், ஆமாம். டாக்டருக்குத் தெரிந்து, எல்லா மருந்துக்கும் மேல். பலன் இருக்க வாய்ப்பு இருக்கிறது, கெடுதல் தெரியவில்லை, அம்மாவுக்கு விருப்பம். இதற்கு மேல் காரணம் இல்லை. இதை நான் சிகிச்சை என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 28

பேச்சு மீன் எண்ணெய்க்கும் வைட்டமின் ஈ-க்கும் போய்விட்டது. போகட்டும், கோகியூ10-ஐப் புரிந்துகொள்ள இவை உதவும், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் பெரிய ஆய்வுகள் வந்துவிட்டன.

வைட்டமின் ஈ. 1996-ல் கேம்பிரிட்ஜ் ஆய்வில் 2,002 இதய நோயாளிகள். உயிர் போகாத மாரடைப்பு பெருமளவு குறைந்ததாக வந்தது. எங்கு பார்த்தாலும் ஆன்டி-ஆக்ஸிடன்ட் பேச்சு. 2000-ல் ஹோப் ஆய்வு, 9,500-க்கும் மேற்பட்டவர்கள், பலன் பூஜ்யம். அதே ஆய்வில், அதே ஆட்களிடம், எனலாப்ரில் வகையைச் சேர்ந்த ராமிப்ரில் பலன் கொடுத்தது. ஆகவே ஆய்வு சரியாக நடக்கவில்லை என்று தப்பிக்க வழியில்லை. அவர்களையே இன்னும் சில ஆண்டு தொடர்ந்து பார்த்து 2005-ல் வெளியிட்டபோது, வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கு ஹார்ட் ஃபெயிலியர் 13 சதவீதம் கூடியிருந்தது. ஹார்ட் ஃபெயிலியர்! நம் வீட்டு நோயே. "சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடப் போகிறது" என்பவர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது நினைவில் வைக்கட்டும்.

மீன் எண்ணெய் இன்னும் சிக்கல். ஹார்ட் ஃபெயிலியருக்கென்றே நடந்த இத்தாலிய ஆய்வு 2008-ல் வந்தது: 6,975 பேர், தினம் 1 கிராம் ஒமேகா-3, சாவு 27 சதவீதம், வெற்று மாத்திரையில் 29. சின்னப் பலன், ஆனால் பெரிய கூட்டத்தில் அளந்த பலன். அமெரிக்க வழிகாட்டுதலில் ஒமேகா-3-க்கு "யோசிக்கலாம்" என்ற அளவில் ஓர் இடம் கிடைத்தது அதனால்தான். பொதுவாக மாரடைப்பைத் தடுக்குமா என்றால், வைட்டல் (25,871 பேர்), அசெண்ட் (15,480 சர்க்கரை நோயாளிகள்) இரண்டிலும் முக்கிய முடிவில் பலன் இல்லை.

அதிக அளவு, 4 கிராம், கொடுத்த இரண்டு ஆய்வுகள் நேரெதிராக முடிந்தன. ரெட்யூஸ்-இட்டில் 8,179 பேர், இபிஏ (மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 வகைகளில் ஒன்று) மட்டும், மாரடைப்பு போன்ற இதயப் பாதிப்புகளில் 25 சதவீதக் குறைவு. ஸ்ட்ரெங்த்தில் 13,078 பேர், இபிஏ-வும் இன்னொரு ஒமேகா-3 வகையான டிஹெச்ஏ-வும் சேர்த்து, பலன் இல்லை என்று பாதியிலேயே நிறுத்தினார்கள். முதல் ஆய்வில் வெற்று மாத்திரையாகக் கொடுத்த மினரல் ஆயில் எதிர்த்தரப்பின் கெட்ட கொலஸ்ட்ராலைக் கூட்டியது. பலனில் எவ்வளவு மருந்தால் வந்தது, எவ்வளவு எதிர்த்தரப்பு கெட்டதால் வந்தது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன: இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் கூடியது. அது ஹார்ட் ஃபெயிலியர்காரர்களுக்கு ஆகாத விஷயம். அப்பாவுக்கு மீன் எண்ணெய் கேப்சூலும் போய்க்கொண்டிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஜூலை 5

டாக்டர் ஏன் எழுதித் தரவில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

டாக்டர்கள் கையில் வைத்திருக்கும் வழிகாட்டுதல்களை முதலில் பாருங்கள். அமெரிக்க இதய சங்கங்கள் 2013-ல், ஹார்ட் ஃபெயிலியருக்கு சத்து மாத்திரைகளைச் சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்று எழுதின. கியூ-சிம்பியோ வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. அதற்கு முன் வந்தவற்றில் நன்றாக நடத்திய சிறிய ஆய்வுகள் ஏமாற்றியிருந்தன. 2000-ல் வெளியானதில் 55 பேர், தினம் 200 மி.கி., ஆறு மாதம், பம்பிங் ஏறவில்லை, உடற்பயிற்சித் திறனும் ஏறவில்லை. இந்த இழையின் தலைப்பில் இருக்கும் பம்பிங்குக்கு நேரடிப் பதில் அதுதான்.

இன்னொரு பக்கம், மற்ற மருந்துகள் எங்கேயோ முன்னேறிப் போய்விட்டன. சாகுபிட்ரில்-வல்சார்டான் 8,442 பேரிடம் நிரூபிக்கப்பட்டது 2014-ல். சர்க்கரைக்கு வந்த டாபாகிளிஃப்லோசின் ஹார்ட் ஃபெயிலியருக்கும் பலன் என்று 4,744 பேரிடம் தெரிந்தது 2019-ல். கியூ-சிம்பியோ நோயாளிகள் இந்த இரண்டும் நடைமுறைக்கு வரும் முன்பே ஆய்வை முடித்தவர்கள். இன்றைய மருந்துகளுக்கு மேல் கோகியூ10 கூடுதலாக ஏதாவது செய்யுமா என்பது புதுக்கேள்வி.

சரி, பெரிய ஆய்வு நடத்திவிட வேண்டியதுதானே? எனக்கு உண்மையிலேயே கோபம் வரும் இடம் இது. ஜப்பான் 1974-லேயே இதை ஹார்ட் ஃபெயிலியர் மருந்தாக அனுமதித்தது. அரை நூற்றாண்டு ஆகிறது. பழைய மூலக்கூறு, யார் வேண்டுமானாலும் தயாரிக்கலாம், ஆகவே பல ஆயிரம் பேரை வைத்து ஆய்வு நடத்திப் பணத்தைத் திரும்ப எடுக்க யாருக்கும் வழியில்லை. சத்து மாத்திரையாகவே விற்கலாம் என்பதால் விற்பவர்களுக்கும் நிரூபிக்க அவசரமில்லை. அமெரிக்காவில் 1994 சட்டப்படி, நோயைக் குணப்படுத்தும் என்று அட்டையில் போடாத வரை, பலனை முன்கூட்டி நிரூபிக்காமலே விற்கலாம். நிரூபிக்காமலே விற்கும் பொருளுக்கு யார் ஆய்வு நடத்துவார்கள்? அரசு ஆராய்ச்சி நிதிதான் இதைச் செய்ய வேண்டும். பலன் நிஜமாக இருந்தால் எத்தனை உயிர் இதற்குள் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பலன் இல்லையென்றால் எத்தனை குடும்பம் வீணாக நம்பியிருக்கும்.

ஜூலை 16

"காக்ரேனே ஒப்புக்கொண்டுவிட்டது, இன்னும் என்ன பேச்சு" என்று 2021 தொகுப்பைக் காட்டியிருக்கிறார்கள். காக்ரேன் என்பது ஒரு கேள்வி பற்றிய ஆய்வுகளையெல்லாம் திரட்டி எடைபோடும் அமைப்பு. 11 ஆய்வுகள், 1,573 பேர். கோகியூ10 சாவையும் ஆஸ்பத்திரிச் சேர்க்கையையும் "அநேகமாகக் குறைக்கிறது", ஆதாரத்தின் தரம் நடுத்தரம் என்று அதில் இருப்பது உண்மை.

11 ஆய்வு என்றதும் 11 சாட்சி என்று தோன்றுகிறது, இல்லையா? உள்ளே போய்ப் பாருங்கள். சாவு பற்றிய எண் எத்தனை ஆய்விலிருந்து வந்தது? ஒன்று. 420 பேர். நம் கியூ-சிம்பியோவேதான். ஆஸ்பத்திரிச் சேர்க்கை எண் இரண்டு ஆய்விலிருந்து, 1,061 பேர்: கியூ-சிம்பியோவின் 420, இத்தாலியில் 1993-ல் வெளியான 641 பேர் ஆய்வு. மீதி ஆய்வுகள் இதில் சேரவே இல்லை. பம்பிங் பற்றியோ, ஆதாரம் மிகவும் பலவீனம், ஒன்றும் சொல்வதற்கில்லை என்கிறார்கள். அந்தத் தொகுப்பின் முடிவுரையிலேயே, இப்போதைக்கு ஆதரிக்கவோ மறுக்கவோ உறுதியான ஆதாரம் இல்லை, மேற்கொண்டு ஆய்வு வேண்டும் என்று இருக்கிறது.

ஆனாலும் அந்த இத்தாலிய ஆய்வை நான் இதுவரை குறிப்பிடாதது நியாயமில்லை, அதையும் தட்டில் வைக்கிறேன். ஓராண்டில் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தவர்கள் வெற்று மாத்திரையில் 118 பேர், கோகியூ10-ல் 73 பேர். பீட்டா பிளாக்கர் ஹார்ட் ஃபெயிலியருக்கு வழக்கமாவதற்கு முந்தைய காலத்து ஆய்வு. இருபது ஆண்டு இடைவெளியில் இரண்டு வேறு குழுக்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன என்பது சும்மா தள்ளிவிடக் கூடியதில்லை. இதை எழுதும்போது ஜூன் 11 அன்று இருந்ததைவிடக் கொஞ்சம் கூடுதல் நம்பிக்கையோடுதான் எழுதுகிறேன். சீட்டில் எழுதும் அளவுக்கு இல்லை. மறு ஆய்வு கேட்டுச் சண்டை போடும் அளவுக்கு உண்டு.

ஆகஸ்ட் 2

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். மருந்து எதையும் குறைக்கவில்லை, டாக்டரிடம் முழுப் பட்டியலையும் காட்டியிருக்கிறார். நிம்மதி. அப்பாவுக்கு ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போகிறது என்பதும் இப்போதுதான் தெரிகிறது.

அது முக்கியம். கோகியூ10-ன் வேதியமைப்பு வைட்டமின் கே-யை ஒத்தது. இதைச் சேர்த்த பிறகு வார்ஃபரினின் வேலை குறைந்து ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் அளவு) இறங்கியதாக நோயாளி விவரங்கள் வெளியாகியிருக்கின்றன. ஆரம்பிப்பதென்றால் ஆரம்பித்த தேதியை டாக்டரிடம் சொல்லிவிட்டு ஐ.என்.ஆர். பரிசோதனையை முன்னதாகவே வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும்போதும் அப்படியே, அப்போது ஐ.என்.ஆர். ஏறலாம்.

நீங்கள் அனுப்பிய படத்தில் அட்டையின் பின்பக்கம் படித்தேன். ஒரு கேப்சூலில் 30 மி.கி., நாளைக்கு ஒன்று. கியூ-சிம்பியோவில் கொடுத்தது நாளைக்கு 300. அட்டையின் முன்பக்கத்தில் அந்த ஆய்வைச் சொல்லி விற்றாலும், உள்ளே இருப்பது ஆய்வில் கொடுத்ததில் பத்தில் ஒரு பங்கு. டாக்டரிடம் போகும்போது பெயரை மட்டும் சொல்லாமல் அட்டையையே எடுத்துக்கொண்டு போங்கள்.